ரோஸ்லின் டீச்சரின் இரண்டு மணி நேரம்

செய்தி வந்தபோது என் முகத்தில் பாதிதான் மழித்து முடிந்திருந்தது. ஆவடி மார்க்கெட் ஓரத்து சலூனில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, மேலே தள்ளாடிச் சுற்றும் மின்விசிறி என்றைக்கு யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் உள்ளே வந்தார். என்னோடு ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதோடு சொல்ல வேண்டியதையும் தெருமுனைக்குக் கேட்கும்படி சொல்பவர்.

"இன்னா சார், இங்க குந்திகினு கீற? உன்ன ஊட்டாண்ட போய்த் தேடிட்டு வரேன். நம்ம ரோஸ்லின் டீச்சர் பூட்டாங்க சார். காத்தால அஞ்சு மணிக்கு. பூந்தமல்லில தங்கச்சி ஊட்டுலதான் வெச்சிகினு கீறாங்க."

எழுந்தேன். சலூன்காரர் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். "பாதி மூஞ்சியோட போய் நின்னீன்னா டீச்சரே எழுந்து குந்தி சிரிப்பாங்க. ரெண்டு நிமிசம் பொறு சார்." மீதிப் பாதியை வழக்கத்தைவிட மெதுவாக மழித்தார். சலூனில் உட்கார்ந்து நான் வாய் மூடி இருந்த ஒரே நாள் அது. என்னை அறிந்தவர்களுக்கு இதுவே போதுமான துக்கச் செய்தி.

ஒருவர் இறந்ததும் அவரோடு தனக்கு இருந்த நெருக்கத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதுவது நம் வழக்கம். எனக்கு அந்த வசதி இல்லை. எண்பதுகளின் நடுவில் நான் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நலச் சங்கத்தின் செயலாளர். சங்கம் நடத்திய மழலையர் பள்ளியை விட்டு டீச்சர் போனதற்கு ஒற்றை ஓட்டுதான் காரணம். அந்த ஓட்டு என்னுடையது. இதை வாசிக்கும் பழைய குவார்ட்டர்ஸ்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆகையால் இதை எதிர்க்கட்சிக்காரன் எழுதிய அஞ்சலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. மாலையில் கேரம் போர்டு, ஞாயிறுகளில் யார் வீட்டுக் காதுகுத்தாவது, வார நாள் காலைகளில் முப்பது சொச்சம் குழந்தைகள். திருநெல்வேலி, சேலம், வேலூர், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்த் தமிழும் அங்கே மூக்கொழுகிக்கொண்டு நிற்கும். டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்க நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம்: சங்கத் தலைவர், ஃபோர்மேன் தங்கராஜ், நான். ஏ பி சி டி முழுக்க வருவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று தலைவர் கேட்டார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அந்த அம்மாள் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"அந்த மணல் யாரோடது சார்?"

யாரோ தொட்டி கட்ட வாங்கி, மிச்சத்தை விட்டுவிட்டுப் போன குவியல். "யாருதும் இல்லம்மா" என்றார் தலைவர்.

"அப்போ அது எனக்கு வேணும். ஏ பி சி டி எங்கயும் ஓடிடாது சார்."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வந்திருந்த மூவரில் சொன்ன நேரத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து. ஆலைச் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் சோற்றைப் பிரித்து, சங்கு ஊதினால் வீடு திரும்புகிற எங்களுக்கு அதைவிடப் பெரிய தகுதி தெரியாது. எடுத்துக்கொண்டோம்.

சேர்ந்த முதல் நாளே தன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை குழந்தைகளின் நேரம். பாட்டு, கதை, எழுத்து எல்லாம் அதற்கப்புறம். அந்த இரண்டு மணி நேரமும் எதை வைத்து விளையாடுவது, யாரோடு விளையாடுவது, விளையாடுவதா சும்மா நிற்பதா என்பதெல்லாம் அவர்கள் பாடு. சாமான்கள் என்று பார்த்தால் மணல், தேங்காய்ச் சிரட்டை, லாரி டயர் ஒன்று, கிழிந்த புடவைகள், அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு தச்சுப் பட்டறையிலிருந்து அவர் கேட்டு வாங்கி வந்த மரத்துண்டுகள், ஒரு அண்டாத் தண்ணீர். டீச்சர் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "ரத்தம் வந்தா எழுந்திருப்பேன். அதுவரைக்கும் நான் சுவரு" என்பார். அங்கே இருந்த காலம் முழுக்க அவர் எழுந்தது நான்கைந்து தடவைதான் என்று பள்ளி ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதல் வருடம் யாரும் கவலைப்படவில்லை. குழந்தைகள் அழாமல் போயின. அம்மாக்களுக்கு அது போதும். இரண்டாம் வருடம் பெரிய பள்ளிக்கூடச் சேர்க்கை வந்தது. அம்பத்தூரில் ஒரு கான்வென்ட். பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். எல்.கே.ஜி.க்கே நேர்காணல். ஃபோர்மேன் தங்கராஜின் மூத்த பையன், பெயர் செல்வின், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுப் போனான். மேஜைக்குப் பின்னால் இருந்த மிஸ் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். செல்வின் படத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தான். குனிந்தான். அடியில் நுழைந்தான். "மிஸ், இந்த மேஜ ஆடுது" என்று அங்கிருந்து குரல் வந்ததாம். மேலே வந்து, கைக்கெட்டிய காகிதம் ஒன்றை எடுத்து எட்டாக மடித்து, மறுபடி உள்ளே போய்க் காலுக்கடியில் வைத்துவிட்டு, மேஜையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்து, "இப்ப ஆடல" என்றான். அவன் மடித்த காகிதம் அவனுடைய சேர்க்கை விண்ணப்பம்.

இடம் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை தெருக்குழாயடியில் தண்ணீர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. என் மனைவி சரோஜா குடத்தோடு போய்ச் செய்தியோடு திரும்பினாள். "ஒரு வருசம் பூரா புள்ளைங்கள மண்ணுல உருட்டிட்டு, அந்தம்மா முக்காலில குந்தி வேடிக்கை பாத்திருக்காங்களாம். எல்லாரும் கொதிக்கிறாங்க. நம்ம கவிதாவுக்கும் அடுத்த வருசம் அதே கான்வென்ட்டுதானே? நீங்க செயலாளர்னு பேரு, என்ன கிழிக்கிறீங்க?" கவிதா எங்கள் மகள். அப்போது நாலு வயது. அந்த இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசியை அண்டாப் பக்கத்திலேயே கழிப்பவள்.

கமிட்டி கூடியது. தங்கராஜ் திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்னவே இது? பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதமா, கட்டட வேலைக்கு அனுப்புதமா? அந்த ரெண்டு மணி நேரத்த எடுத்துப்போட்டுட்டு எழுத்த உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கச் சொல்லும்" என்றார். இன்னும் இரண்டு பேர் அவர் பக்கம். ஏகாம்பரமும் வேறு இருவரும் டீச்சர் பக்கம். தலைவர் எப்போதும் போல ஓட்டு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் என் வாழ்நாளின் மகத்தான யோசனை எனக்கு உதித்தது.

நான் தொழிற்சாலையில் ஒர்க் ஸ்டடி பிரிவில் இருந்தேன். தெரியாதவர்களுக்காக: ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறு கையில் தாள் செருகிய அட்டை, காதில் பென்சில். லேத்தில் நிற்பவன் ஒரு சாமானை எடுக்க எத்தனை விநாடி, பொருத்த எத்தனை விநாடி, சும்மா நிற்பது எத்தனை விநாடி என்று எழுதுவது என் உத்தியோகம். நான் வருவதைப் பார்த்ததும், வேகத்தைக் காட்டினால் அதுவே நாளைய அளவாகிவிடும் என்று பயந்து, மொத்தப் பட்டறையும் கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர்கள் போல மெதுவாக நடக்கும். ஆக, நான் சொன்னேன்: "உணர்ச்சிவசப்பட வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டைம் ஸ்டடி போடுவோம். எவ்வளவு நேரம் பயனுள்ள வேலை, எவ்வளவு நேரம் சும்மா என்று தாள் சொல்லட்டும்."

கைதட்டினார்கள். ஏகாம்பரம் மட்டும், "நாலு வயசுப் புள்ளைக்கு பீசுக்கு இவ்ளோ கூலின்னு ரேட் போடப் போறியா சார்?" என்றார். அதற்கும் சிரித்துவிட்டு எல்லோரும் டீ குடித்தோம்.

டீச்சரிடம் சொல்லப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "தாராளமா வாங்க" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்லிடறேன் சார். அந்த ரெண்டு மணி நேரத்தக் கொறைச்சா நான் பஸ் ஏறிடுவேன். மிரட்டறதா நினைக்காதீங்க. அது இல்லாம இந்த வயசுப் புள்ளைங்களோட என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்றார்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதல் அரை மணியிலேயே ஒரு விஷயம் உறுத்தியது. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வேகத்தை மாற்றுவது மனித சுபாவம் என்று பதினைந்து வருடமாக நம்பி வந்தேன். இந்த ஆட்கள் மாற்றவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. என் தாளில் கட்டங்கள் தயாராக இருந்தன: எடுத்தல், வைத்தல், பொருத்துதல், சும்மா. கவிதா ஓட்டைச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு இன்னொரு சிரட்டைக்குக் கொண்டுபோவாள். வழியிலேயே எல்லாம் ஒழுகிவிடும். திரும்பி வருவாள். மறுபடி மொள்வாள். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு 'சும்மா' என்பதன் கீழ் போட்டேன். கொட்டகையில் நடந்த முக்கால்வாசி விஷயம் அந்தக் கட்டத்தில்தான் போய் விழுந்தது.

டீச்சர் மடியிலும் ஒரு சின்ன நோட்டு இருந்தது. இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். "கவிதா. நாலு முறை ஒழுகிற்று. ஐந்தாவது முறை ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டது" என்று எழுதியிருந்தார். நான் அந்த விரலைப் பார்க்கவில்லை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நானும் உங்க வேலையதான் பாக்கறேன் சார்" என்றார் டீச்சர். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் டயர் சண்டை. ஒருத்தி ஏறி உட்கார்ந்திருக்க, இன்னொருவன் இறங்கச் சொல்லிக் கத்துகிறான். மூன்றாவதாக ஒரு குண்டுப் பையன் நியாயம் பேச வந்து அவனும் ஏறிக்கொண்டான். நான் எழப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தாழ்த்தினார். உட்கார்ந்தேன், சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு சட்டம் ஒன்று இயற்றப்பட்டது: பத்து எண்ணும் வரை ஒருத்தர், அப்புறம் அடுத்தவர். இறங்கச் சொன்ன பையன் எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, பத்து! எறங்குடி!" அவள் இறங்கவில்லை. "நீ திருட்டுத்தனமா எண்ற. நடுவுல நெறைய கீது." "நெறைய இன்னா கீது? சொல்லு பாப்போம்." அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் கொட்டகையின் மறுகோடிக்கு ஓடிப்போய், முழுசாக எண்ணத் தெரிந்த ஒரு பெண்ணை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவள் எண்ண, இவர்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று பதினொன்றடிப்பதற்குள் குண்டுப் பையனையும் சேர்த்து மூன்று பேருக்கும் பத்து வரை வந்துவிட்டது.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "தனக்கு எண்ணத் தெரியலன்னு அதுக்கே தெரிஞ்சுது பாருங்க சார். அதுக்கு முன்னாடி நான் சொல்லிக் குடுத்திருந்தா அது என்னோட எண்ணு. இப்போ அது அவங்க எண்ணு."

மூன்றாம் நாள் நடந்ததை நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதிரே நாலைந்து பேர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு செங்கல் துண்டு கையில். ஒருத்தன் காதில் குச்சி. செங்கல்லை உள்ளங்கையில் வைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்ப்பது. மறுபடி செங்கல்லைப் பார்ப்பது. கிழிந்த அட்டைப்பெட்டியில் கரித்துண்டால் கோடு போடுவது. எனக்குப் புரிய நேரமாயிற்று. என் உத்தியோகத்தை விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள் இன்னா பண்றாரு?" என்றான் காதில் குச்சி வைத்தவன், மேலதிகாரி குரலில்.

கவிதா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பெற்ற மகள். "சும்மா கீறாரு" என்றாள். "எழுதிக்கோ."

அடுத்த அரை மணி நேரமும் அதையே எழுதினார்கள். டீச்சர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்த அட்டையைத் தூசி தட்டி என்னிடம் நீட்டினார். "உங்க ரிப்போர்ட்டோட இதையும் சேத்துக் குடுத்துடுங்க சார். ரெண்டு பக்கமும் இருக்கட்டும்."

சேர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு கமிட்டியில் அறிக்கையை வாசித்தேன். எண்ணின் கதையை வாசிக்கவில்லை, விரலின் கதையை வாசிக்கவில்லை. அவற்றுக்குத் தாளில் கட்டம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'நேரத்தின் பெரும்பகுதி சும்மா' என்பதை மட்டும் நல்ல கணீர்க் குரலில் வாசித்தேன். ஓட்டெடுப்பு. தங்கராஜ் பக்கம் மூன்று கை. ஏகாம்பரம் பக்கம் மூன்று கை. நான் கையைத் தூக்கியபோது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்தக் கான்வென்ட் மேஜை. அதன் முன்னால் என் மகள் ஒழுங்காக உட்கார்ந்து ஏ ஃபார் ஆப்பிள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினேன். இரண்டு மணி நேரம் கால் மணி ஆனது.

மறுநாள் தீர்மானத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். "இன்னிக்கு ஒருநாள் முழுசா விட்டுடறேன் சார். நாளைலேருந்து உங்க இஷ்டம்" என்றார். பதினொன்று வரை முக்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஏகாம்பரம் அன்று முதல் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவ்வளவு அமைதியான மூன்று வாரம் எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை; ஆனால் நன்றாக இல்லை.

புது டீச்சர் வந்தார். கெட்டவர் இல்லை. குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்தன, கை கட்டின, விரல் வைத்து வாய் பொத்தின. மாதக் கடைசியில் கவிதா இருபத்தாறு எழுத்தையும் மூச்சு விடாமல் சொன்னாள். சரோஜா திருஷ்டி கழித்தாள். நான் கடிகாரத்தை ஜெயித்தவன் மாதிரி தெருவில் நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வாசலில் குட்டை. மற்ற நாளாக இருந்தால் அவளை உள்ளே இழுக்க இரண்டு பேர் வேண்டும். அன்று கவிதா படியில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, இப்ப நான் விளையாடலாமா?"

"விளையாடேன்."

நகரவில்லை. "என்ன விளையாடணும்?"

"உனக்கு என்ன பிடிக்குமோ அது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் கரெக்டா பண்றேன்."

நான் எதையோ சொன்னேன். அவள் அதைக் கரெக்டாகச் செய்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "முடிச்சிட்டேன். அடுத்து?" என்றாள். சமையலறை வாசலில் நின்றிருந்த சரோஜா என்னைப் பார்த்தாள்.

டீச்சர் பாரிவாக்கத்தில் தங்கை வீட்டுக்காரருடைய காலி மனையில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார் என்று ஏகாம்பரத்தின் மூலம் தெரிந்தது. டீச்சர் எங்கே என்று கேட்டதுதான் ஏகாம்பரத்தோடு மறுபடி பேச எனக்குக் கிடைத்த சாக்கு. திங்கட்கிழமை மொபெட்டில் கவிதாவை முன்னால் நிறுத்திக்கொண்டு போனேன். வழி நெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். மூன்று பாராவாக, நல்ல தமிழில். வேலிப்படலைத் திறந்தால் அதே முக்காலி.

"வாங்க செயலாளர் சார்."

"டீச்சர், அன்னிக்கு கமிட்டில நான்..."

"புள்ளையை விட்டுட்டுப் போங்க. பதினொண்ணு வரைக்கும் எனக்கு வேல இருக்கு." சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்துக்கொண்டார். அந்த மூன்று பாராவை அவர் கடைசி வரை என்னைச் சொல்ல விடவே இல்லை. ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு வேலை வந்துவிடும்.

கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டார். "சார், இன்னிக்கு அது ஒண்ணும் பண்ணாது. நாளைக்கும் பண்ணாது. வீட்டுல போய் இன்னிக்கு என்ன பண்ணேன்னு கேக்காதீங்க. நீங்களும் கேக்காதீங்க, அம்மாவையும் கேக்க வேணாம்னு சொல்லுங்க."

என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. எட்டு நாள் கவிதா படல் ஓரத்திலேயே கை கட்டி நின்றாள். டீச்சர் ஒரு தடவைகூட அவளைப் போய் விளையாடு என்று சொல்லவில்லை. எட்டு நாளும் நான் கேள்வியை விழுங்கினேன், வயிறு உப்பிவிட்டது. ஒன்பதாம் நாள் கூப்பிடப் போனபோது அவளைக் காணோம். கொட்டகைக்குப் பின்னால் நாலைந்து பேரோடு தரையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தாள். கவுனில் சேறு. "அப்பா, போ. இன்னும் முடியல" என்றாள், தலையைத் திருப்பாமல். முக்காலியைப் பார்த்தேன். டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார்.

சங்கச் செயலாளரின் மகள் சங்கப் பள்ளியில் இல்லை என்பது வெளியே தெரிந்தால் மானம் போகும். ஆகவே குவார்ட்டர்ஸில் அவளுக்கு அம்மை என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மை மூன்று மாதம் நீடித்தது. "இன்னா சார், அம்மன் உங்க ஊட்லயே வாடகைக்கு வந்துட்டாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் ஏகாம்பரம், எல்லாம் தெரிந்துகொண்டே. கடைசியில் ஒருநாள் பாரிவாக்கத்துப் படலருகே மொபெட்டை நிறுத்தும்போது இன்னொரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஃபோர்மேன் தங்கராஜ். முன்னால் அவருடைய இரண்டாவது பையன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வேய், நீருமா?" என்றார்.

"நீங்களுமா?"

"மூத்தவன் கணக்கா இவனும் மேஜைக்குக் கீழ பூந்துட்டாலும் பரவாயில்ல வே. வீட்டுல ஒரே கையக் கட்டிக்கிட்டு நிக்கான், பாக்கச் சகிக்கல." பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துல சொல்லிராதியும்."

சொல்லவில்லை. தீர்மானத்தைத் திரும்பப் பெறும் தைரியமும் எங்கள் இருவருக்கும் கடைசி வரை வரவில்லை. சங்கப் பள்ளி கால் மணி விளையாட்டோடு தொண்ணூறுகளின் ஆரம்பம் வரை நடந்து, பிறகு மூடப்பட்டது. கவிதாவுக்கு அந்தக் கான்வென்ட்டில் இடம் கிடைத்தது. யாரோ ஒருவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தால். எழுத்தும் விளையாட்டும் அதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. அவள் முதல் மதிப்பெண் எதுவும் வாங்கிவிடவும் இல்லை. இதை நான் ஒருமுறை டீச்சரிடம் கொஞ்சம் குறையாகவே சொன்னேன். "நாலு வயசுல நாலு வயசா இருந்துதா? அது போதும் சார். பின்னாடி என்ன ஆகும்னு கேக்கறவங்க ஜோசியர்கிட்ட போகட்டும்" என்றார்.

செய்தி வந்த அன்று, சலூனிலிருந்து கிளம்பிப் பூந்தமல்லிக்கு நான் போனபோது பதினொரு மணி இருக்கும். தெருவை அடைத்துப் பந்தல். உள்ளே பெட்டியில் டீச்சர், வெள்ளைப் புடவையில். ஏகாம்பரம் முந்தியே வந்து ஓரமாக நின்றிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. நான் அழவில்லை. வெளியே வந்து உட்கார இடம் தேடினேன். முழங்கால் இப்போதெல்லாம் சொன்னபடி கேட்பதில்லை. வாடகை நாற்காலிகளில் கடைசி வரிசையில் ஒன்று காலியாக இருந்தது. அதை நோக்கிப் போவதற்குள் ஒரு சிறுமி, ஐந்து வயதிருக்கும், யார் வீட்டுக் குழந்தையோ, வந்து நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, இது வேணும். ரயிலுக்கு ஒரு பொட்டி கொறையுது."

பந்தலுக்கு வெளியே ஆறேழு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஏற்கெனவே கூட்டம். டிரைவர் யார் என்பதில் சண்டை நடந்துகொண்டிருந்தது. போதகர் ஜெபத்தை ஆரம்பிக்கப் போகிறார் என்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அவர்களை விரட்ட வந்தார். "ஏய், சாவு ஊடு இது, போங்க அப்பால!" என்றார். அவரைக் கையமர்த்தினேன். அவர் என் வயதுக்கு மரியாதை கொடுத்துப் போய்விட்டார்.

சிறுமி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். ஜெபம் நீண்டது, போதகருக்கும் டீச்சரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும். நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன். ரயில் எங்கே போகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான். ஒரு குழந்தை எடுத்துக்கொண்டு போன நாற்காலியைத் திருப்பிக் கேட்காமல், ஏன் என்று விசாரிக்காமல், ஒரு ஜெபம் முடியும் வரை என்னால் நிற்க முடியும்.